பாக் எழுதிய படனம்

மேல்நாட்டுச் செவ்வியல் இசை என்றால் நம்மவர் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான்: நூறு பேர் கொண்ட வாத்தியக் குழு, முன்னால் கோல் வீசும் நடத்துநர், இருட்டில் அசையாமல் அமர்ந்திருக்கும் சபை. அந்தக் காட்சி 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முந்திய காலத்தின் இசை, ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை ஐரோப்பாவில் செழித்த பரோக் இசை, வேறு இடங்களில் வாழ்ந்தது. அரண்மனைக் கூடங்களிலும் இசைநாடக அரங்குகளிலும் ஒலித்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் தேவாலயங்களில் ஒலித்தது. வாத்தியங்கள் குறைவு. கோல் பிடித்து நிற்கத் தனியாக ஒருவர் இல்லை. ஓர்கனிலோ வயலினிலோ இருப்பவரே குழுவைக் கொண்டுசெல்வார். ஏட்டில் உள்ளதற்கு மேல் வாசிப்பவரும் பாடுபவரும் தம் கற்பனையைச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். அந்தக் காலத்தின் சிகரம் என்று பலரும் கொள்ளும் படைப்பு யோகான் செபஸ்தியான் பாக் (1685–1750) இயற்றிய ‘மத்தேயுவின்படி பாடுகள்’. இயேசுவைக் கொல்லத் திட்டமிட்டது முதல் அவர் அடக்கம் செய்யப்பட்டது வரையான கதையை ஏறக்குறைய மூன்று மணி நேரம் பாடும் இசை அது. அதைக் கச்சேரி என்று எண்ணிக் கேட்கப் போகும் யாழ்ப்பாணத்தவர் அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார். படனம் என்று எண்ணிக் கேட்டால் எழமாட்டார் என்பதே என் வாதம். பாக் இங்கே ஒரு பிரதியை வாசிக்கிறார், பயன் சொல்கிறார், ஒப்பாரி வைக்கிறார், சபையைப் பதில் சொல்லச் செய்கிறார். இவை நான்கும் இந்தக் குடாநாட்டின் கோவில்களில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய காரியங்கள்.

சைவக் கோவில்களில் கந்தபுராண படனம் நடக்கும் முறையை இங்கே விளக்கத் தேவையில்லை என்றாலும், ஒப்பிடுவதற்காக நினைவூட்டுகிறேன். கச்சியப்ப சிவாசாரியாரின் பாடலை ஒருவர் இராகத்தோடு வாசிப்பார். வாசித்த பாடலுக்கு மற்றொருவர் பயன் சொல்வார். வாசிப்பவர் சூரபன்மனாக நடிப்பதில்லை, முருகனாக மாறுவதுமில்லை. பாத்திரம் பேசும் இடத்தில் குரல் சற்று மாறும், அவ்வளவுதான். பயன் சொல்பவர் கதையை அந்த இடத்திலேயே நிறுத்தி, சொல்லைப் பிரித்து, அது கேட்பவரின் வாழ்வில் எங்கே வந்து தொடுகிறது என்று காட்டுவார். சூரன் மாமரமாக நிற்பதும் சேவலும் மயிலுமாகப் பிளவுபடுவதும் எல்லோருக்கும் முன்பே தெரியும். தெரிந்த கதையைக் கேட்கவே வந்து அமர்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அழைத்ததற்கு இந்த வாசிப்பு மரபின் ஆழமே காரணம். கத்தோலிக்க ஊர்களிலும் தவக்காலத்தில் இதற்கு இணையான வழக்கம் உண்டு. வியாகுலப் பிரசங்கத்தை ஒருவர் இழுத்து, ஓலம் கலந்த குரலில் வாசிப்பார். இடையிடையே பசாம் எனப்படும் பாடுகளின் புலம்பல் பாட்டுகளைப் பாடுவார்கள். பெரிய வெள்ளியன்று ஒப்பாரி எழும். அங்கும் கதை தெரிந்ததுதான், அங்கும் நடிப்பு இல்லை.

இனி பாக்கைப் பார்ப்போம். ‘மத்தேயுவின்படி பாடுகள்’ முதன்முதலாக 1727 ஏப்ரல் 11ஆம் திகதி, பெரிய வெள்ளி மாலை வழிபாட்டில், ஜேர்மனியின் லைப்சிக் நகரத்துப் புனித தோமையார் தேவாலயத்தில் பாடப்பட்டதென்று ஆய்வாளர் கொள்கிறார்கள். இரண்டு பாகங்கள், நடுவில் குருவின் பிரசங்கம். மத்தேயு நற்செய்தியின் 26ஆம் 27ஆம் அதிகாரங்களை ஒரு வசனம் விடாமல் பாக் இசைக்குள் கொண்டுவந்தார். நற்செய்தியாளர் என்ற பெயரில் ஒருவர் ஆணின் உச்சக் குரலில் கதையை வாசிக்கிறார். தாளக்கட்டு இல்லாத, பேச்சின் ஓட்டத்தைப் பின்பற்றும் வாசிப்பு அது. ‘அவர் சொன்னார்’ என்பதையும் அவரே சொல்லி முடித்த பிறகுதான் இயேசுவின் பகுதியைப் பாடும் மந்தக் குரல்காரர் வாய் திறப்பார். பேதுரு, யூதாஸ், பிலாத்து ஆகியோருக்கு ஓரிரு வசனங்கள். கூட்டத்தின் கூச்சலுக்குப் பாடகர் குழு. வேடமில்லை, அரங்க அசைவு இல்லை. கதை ஓரிடத்தில் கனத்து நிற்கும்போது தனிப்பாடகர் ஒருவர் எழுந்து, பிக்காண்டர் என்ற புனைபெயருடைய கவிஞர் புதிதாக எழுதிக் கொடுத்த பாட்டைப் பாடுவார். அதில் கதை நகராது. நிகழ்ந்தது என்னை என்ன செய்கிறது என்பது மட்டுமே அங்கே பேசப்படும். நம் பயன் சொல்பவரின் வேலை அது. இவற்றோடு கோரால் எனப்படும் பழைய லூத்தரன் வழிபாட்டுப் பாடல்களும் இடையிடையே வருகின்றன. அவற்றைப் பாடியது பாடகர் குழுவே என்றாலும், மெட்டுகள் அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் சிறுவயதிலிருந்தே மனப்பாடம். சபை வாய் திறக்காமலே உள்ளே சேர்ந்து பாடியது.

இந்த அடுக்கு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஓர் இடம் போதும். கடைசி இராப்போசனத்தில், உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்கிறார் இயேசு. சீடர்கள் பதறி, அது நானா ஆண்டவரே என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். பாக் இந்தக் கேள்வியைப் பாடகர் குழுவின் குரல்களில் சரியாகப் பதினொரு முறை வைத்திருக்கிறார். சீடர் பன்னிருவர்; யூதாஸ் இன்னும் கேட்கவில்லை. அடுத்த வசனம் வருவதற்குள் இசை நின்று, சபை அறிந்த ஒரு கோரால் மெட்டு எழுகிறது. அது தரும் பதில், நான்தான் அந்தக் குற்றவாளி என்பது. பன்னிரண்டாவது கேள்விக்கு முன்பே கேட்பவர் பொறுப்பேற்றுவிடுகிறார். பழி பிறர் மேல் போகாமல் தன் மேலேயே திரும்பும் இந்தத் திருப்பம்தான் இந்தப் படைப்பின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. பாடுகளின் கதை ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்காக யூத மக்கள் மேல் வெறுப்பை ஏவப் பயன்பட்டது. பாக்கின் கூட்டக் காட்சிகளிலும் அந்தக் கூர்மை இருக்கிறது, மறைக்க முடியாது. ஆனால் படனத்தின் அமைப்பு அந்தக் கூர்மையைத் திரும்பத் திரும்பக் கேட்பவரின் பக்கம் வளைக்கிறது. பேதுரு மூன்று முறை மறுதலித்து, சேவல் கூவி, அவர் வெளியே போய் மனங்கசந்து அழும் இடத்திலும் இதே வேலை நடக்கிறது. நற்செய்தியாளரின் குரல் அழுகை என்ற சொல்லில் நீண்டு உடைகிறது. உடனே தனி வயலின் ஒன்று எழுகிறது. இரக்கத்துக்காக மன்றாடும் பாட்டு தொடங்குகிறது. பாடுபவர் பேதுரு அல்லர், வேறொருவர். பேதுருவின் அழுகை யாருடைய அழுகையாகவும் ஆகிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

ஒப்பாரி என்றேன். அது அலங்காரமாகச் சொன்னதல்ல. படைப்பின் முதற் பகுதியே பெண்களை அழைப்பதில் தொடங்குகிறது. மகள்களே வந்து என் புலம்பலில் சேருங்கள் என்று முதற் பாடகர் குழு அழைக்க, எதிரே நிற்கும் இரண்டாவது குழு யாரை, எப்படி, எங்கே என்று ஒற்றைச் சொல் கேள்விகளால் குறுக்கிடுகிறது. ஒருத்தி எடுத்துச் சொல்ல மற்றவர்கள் சுற்றியிருந்து ஏற்கும் இழவுவீட்டு முறையை அறிந்த எவருக்கும் இந்த உரையாடல் புதிதாக இருக்காது. கீழே மந்த வாத்தியங்கள் ஒரே சுரத்தை நெடுநேரம் விடாமல் அடித்துக்கொண்டிருக்கின்றன. மேலே இரு குழுக்களும் அலை அலையாக மோதும்போது, சிறுவர்களின் உச்சக் குரல் மூன்றாவதாக ஒரு கோராலைத் தனியே பாடிச் செல்கிறது. முடிவிலோ எல்லோரும் கண்ணீரோடு கல்லறையருகே அமர்ந்து, மென்மையாக இளைப்பாறு என்று இறந்தவரைத் தூங்க வைக்கிறார்கள். இசை தொட்டிலின் அசைவில் ஆடுகிறது. நம் நாட்டார் பாடலிலும் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே பெண்ணின் வாயில் பிறந்தவை. மெட்டிலும் விளியிலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருப்பவை. பிறந்தவனுக்குப் பாடியதை இறந்தவனுக்கும் பாடும் துணிவு எங்கள் பாட்டிமாருக்கு இருந்தது. லைப்சிக்கின் தேவாலய இசைப் பொறுப்பாளரான பாக்குக்கும் இருந்தது.

வாத்தியங்களைப் பற்றித் தெரிந்தால் கேட்பது இன்னும் எளிதாகும். பரோக் இசையின் முதுகெலும்பு, தொடக்கம் முதல் முடிவுவரை ஓயாமல் கீழே ஓடும் மந்தக் கோடு. செலோவும் அதிலும் தாழ்ந்த தந்திவாத்தியமும் அந்தக் கோட்டை வாசிக்க, ஓர்கனோ ஹார்ப்சிகோர்டோ அதன் மேல் சுரக்கூட்டுகளை நிரப்பும். ஏட்டில் இருப்பது மந்தக் கோடும் அதன் கீழ் சில எண்களும் மட்டுமே. அந்த எண்களைப் பார்த்து, அந்தக் கணத்தில், விரல்களால் மிச்சத்தை உருவாக்குவது வாசிப்பவரின் வித்தை. எழுதி முடித்த இசை என்று நாம் எண்ணுவதில் பாதி அங்கேயே பிறந்தது. ஹார்ப்சிகோர்டில் கம்பியை அடிக்கும் சுத்தியல் கிடையாது. இறகின் தண்டு கம்பியை மீட்டிவிடும். ஆகவே பியானோவைப் போல மெல்லிதாகவும் பலமாகவும் வாசிக்க அதற்கு இயலாது. தெளிவுதான் அதன் பலம். இந்த மந்தக் கோடு நமக்குத் தம்புரா தரும் பாதுகாப்பைத் தருகிறது. வேறுபாடு, இது நகர்ந்துகொண்டே இருக்கும். அதன் பெறுமதி அது இல்லாத இடத்தில்தான் விளங்கும். இவர் என்ன தீமை செய்தார் என்று பிலாத்து கேட்ட பிறகு, அன்பினால் சாகப் போகிறார் என்று ஓர் உச்சக் குரல் பாடுகிறது. அந்தப் பாட்டில் மந்த வாத்தியங்களை முழுதாக விலக்கிவிட்டார் பாக். ஒரு குறுக்குக் குழல், இரண்டு ஓபோ, ஒரு குரல், அதற்குமேல் எதுவுமில்லை. காலடியில் நிலமே இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது பாட்டு. குற்றமற்றவருக்கு இவ்வுலகில் பிடிமானம் இல்லை என்பதை வார்த்தையின்றிச் சொல்ல இதைவிட நல்ல வழி உண்டா? இயேசு பேசும்போதெல்லாம் வயலின் கூட்டம் ஒளிவட்டம்போல அவரைச் சூழ்ந்து ஒலிக்கிறது, மற்றவர்களுக்கு அது இல்லை. சிலுவையில் கைவிடப்பட்டதாக அவர் கதறும் வசனத்தில் மட்டும் அந்த வயலின்கள் அடங்கிவிடுகின்றன.

ஓபோவை நாதஸ்வரத்தின் தூரத்து உறவு என்று சொல்லலாம். இரண்டுக்கும் உயிர் இரட்டைச் சீவாளியில் இருக்கிறது. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த செவிக்கு அந்தச் சீவாளிக் குரலின் மூக்கொலியும் ஏக்கமும் அந்நியமாக இருக்க நியாயமில்லை. நாதஸ்வரம் திறந்த வெளிக்கு, வீதிக்கு, தவிலோடு எழும்ப. ஓபோ கல் மண்டபத்துக்குள் மென்மையாக ஒலிக்க. பாக் சாதாரண ஓபோவோடு அதனிலும் தாழ்ந்த இரண்டு வகைகளையும் பயன்படுத்தினார். அவற்றில் ஒன்று, தோல் போர்த்து வளைந்த உடலும் பித்தளை வாயும் கொண்டது. சிலுவை நாட்டப்பட்ட கொல்கொதாவைப் புலம்பும் இடத்தில் அதன் குரல்தான் வருகிறது. சிலுவையைச் சுமக்கச் சீமோன் பிடிக்கப்பட்டதும் வரும் பாட்டுக்கு அவர் தேர்ந்தது வியோலா த கம்பா. முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் இசைக்கும், வீணைபோல மெட்டுகள் உடைய வாத்தியம் அது. மெட்டுகள் உலோகமல்ல, கழுத்தைச் சுற்றிக் கட்டிய நரம்பு. பாரம் தாங்க முடியாமல் இழுத்து நடப்பவனின் அடிகளை அது உடைந்த தாளத்தில் வாசிக்கிறது. வயலினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இத்தாலியின் கிரெமோனாவில் ஸ்திராடிவாரி (1644–1737) போன்றோர் கையில் முழுமை பெற்ற அந்த வாத்தியத்தை, பாக் மறைந்து சில பத்தாண்டுகளுக்குள்ளேயே முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று மருதனார்மடத்தில் வயலின் பயிலும் மாணவர் கையில் வைத்திருப்பது உண்மையில் ஒரு பரோக் வாத்தியம்.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு நியாயமானது: நம் இசை ஒரு குரலின் வழி செல்வது, இவர்களுடையது பல குரல்களை ஒன்றின் மேலொன்றாக அடுக்குவது, கேட்கும் பழக்கமே வேறல்லவா? வேறுதான். மறுக்கவில்லை. பரோக் பாடகர் சேர்க்கும் அசைவுகளைக் கமகம் என்று அழைத்துச் சமாதானம் தேடுவதும் தவறு. நமக்குக் கமகம் இராகத்தின் உடல். அது இல்லாமல் தோடி இல்லை. அவர்களுக்கு நிலையான சுரத்தின் மேல் போடும் நகை. பேதுருவின் அழுகைப் பாட்டில் வயலின் தொடும் சுரங்கள் கீரவாணியை நினைவூட்டும். ஆனால் கீரவாணியை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் படனத்தைக் கேட்க இராக இலக்கணம் எவரும் கேட்டதில்லை. கோவில் முன்றிலில் அமர்ந்தவரில் எத்தனை பேருக்கு வாசிப்பவர் எடுத்த இராகத்தின் பெயர் தெரியும்? அவர்கள் கேட்பது சொல்லை, குரல் எங்கே தழுதழுக்கிறது என்பதை, பயன் எங்கே வந்து தைக்கிறது என்பதை. பாக்கின் வாசிப்புப் பகுதிகளில் கேட்க வேண்டியதும் இவைதான், அங்கே அடுக்குகள் மிகக் குறைவு. மொழி ஜேர்மன் என்பதும் பெரிய தடையல்ல. தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 26ஐத் திறந்து மடியில் வைத்தால், வசனத்துக்கு வசனம் கூடவே போகலாம். கந்தபுராணச் செய்யுளும் எல்லோருக்கும் உடனே விளங்குவதில்லை. அதனால்தானே பயன் சொல்பவர் இருக்கிறார்.

இரண்டாவது மறுப்பு கசப்பானது. பரோக் என்பது நம்மை ஆண்டவர்களின் காலத்து இசை. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். பரோக் காலத்தின் பெரும்பகுதி நமக்கு அடிமைக் காலம். இதை விழுங்கிவிட்டு இசையை மட்டும் எப்படிப் போற்றுவது? வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் இந்த மறுப்பே வாதத்துக்குத் துணையாகிறது. ஒல்லாந்தர் 1706இல் கோட்டைக்குள் சிலுவை வடிவில் எழுப்பிய, பின்னர் போரில் இடிந்துபோன தேவாலயத்தில் பாக்கின் இசை போன்ற எதுவும் ஒலித்திருக்க வழியில்லை. கல்வினைப் பின்பற்றிய அந்தச் சபை சங்கீதங்களை எளிமையாகப் பாடுவதற்கு மேல் வழிபாட்டில் இசையை விரும்பவில்லை. பாடுகளைப் பாடும் மரபு இங்கே வேரூன்றியது அதிகாரத்தின் கையால் அல்ல, அதற்கு ஒளிந்து வாழ்ந்தவர்களால். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்; சில்லாலை மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தார்கள். இரவில், வீடுகளுக்குள், காவல் வைத்து நடந்த வழிபாடு அது. அவரைத் தொடர்ந்து 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742), அவரும் கோவாக்காரர். தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதிக் குவித்தார். தவக்காலத்தில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையது. பாக்குக்கு ஒன்பது ஆண்டு மூத்தவர், எட்டு ஆண்டு முன்பே மறைந்தவர். ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒரே தலைமுறையில், ஒரே கதையை, பாமர மக்கள் அழுது கேட்கும் வாசிப்பாக ஆக்கிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் பின்னால் இருந்தது, பெரிய வாரத்தில் பாடுகளைப் பல குரல்களுக்குப் பகிர்ந்து பாடும் மிகப் பழைய திருச்சபை வழக்கம். அதிகாரத்தில் இருந்தவர்கள் கட்டிய கல் விழுந்தது. மறைந்திருந்தவர்கள் வாயில் வைத்திருந்தது நின்றது.

சைவர் எதற்காக இன்னொரு சமயத்தின் பிரதியை மூன்று மணி நேரம் கேட்க வேண்டும் என்பதும் ஒரு கேள்வி. வடிவங்கள் சமயத்துக்குச் சமயம் கைமாறிய ஊர் இது. 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைத் தொடங்கியபோது, பாதிரிமாரின் பிரசங்க முறையை நன்கு பார்த்துப் பழகியே அதைச் சைவத்துக்கு ஆக்கினார். வேதாகம மொழிபெயர்ப்பில் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து உழைத்தவர் அவர். அதனால் அவருடைய சைவம் குறையவில்லை. கந்தபுராணத்தைக் கேட்டு ஒரு கத்தோலிக்கர் சூரனின் வீழ்ச்சியில் தன் அகந்தையைக் காண முடியுமென்றால், பேதுருவின் அழுகையில் ஒரு சைவர் தன் கோழைத்தனத்தைக் காணவும் முடியும்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள்: பாக் உலகப் பெரும் மேதை, அவரைக் கிராமத்துப் படனத்தோடு வைப்பது ஏற்றத்தாழ்வை மறைப்பதாகாதா? மேதைமையில் ஏற்றத்தாழ்வு உண்டு, அதைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஆறு குரல்களை ஒரே மூச்சில் நடத்தும் அந்த மூளைக்கு இணை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் வேலை செய்த இடம் நாம் கற்பனை செய்யும் பளிங்கு மண்டபம் அன்று. 1723இல் அவர் ஏற்ற பதவி, தோமையார் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பித்து, நகரத்தின் தேவாலயங்களுக்கு ஞாயிறுதோறும் இசை கொடுப்பது. இசை அதிக நீளமாகவும் நாடகத்தனமாகவும் இருக்கக்கூடாது என்று வேலைக்கு எடுக்கும்போதே நகரசபை அவரிடம் எழுதி வாங்கியது. 1730 ஆகஸ்டில் அதே நகரசபைக்கு அவர் எழுதிய முறையீட்டில், தம்மிடமிருக்கும் பிள்ளைகளில் 17 பேர் பயன்படுவர், 20 பேர் இன்னும் தேறவில்லை, 17 பேர் எதற்கும் உதவார் என்று கணக்குக் கொடுத்திருக்கிறார். இருக்கும் பிள்ளைகளை வைத்துத் திருவிழாவை ஒப்பேற்ற வேண்டிய ஊர்ப் பாட்டு வாத்தியாரின் குரல் அது. பத்து வயது நிறையுமுன்பே தாய் தந்தை இருவரையும் இழந்தவர். இருபது பிள்ளைகளைப் பெற்று அவர்களில் பாதியைச் சிறுவயதிலேயே மண்ணுக்குக் கொடுத்தவர். இளைப்பாறு என்று அவர் எழுதிய முடிவுப் பாட்டைக் கேட்கும்போது இதை மறந்துவிட முடியாது.

அவர் மறைந்த பிறகு ‘மத்தேயுவின்படி பாடுகள்’ பொதுவெளியில் ஏறக்குறைய மறக்கப்பட்டே கிடந்தது. 1829 மார்ச் 11ஆம் திகதி பெர்லினில், இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சோன் அதை மீண்டும் பாட வைத்தார். அது முடிந்ததற்குக் காரணம் ஏடு பிழைத்திருந்தது. 1736 அளவில் பாக் அதைத் தம் கையால் புதிதாகப் படியெடுத்து, நற்செய்தி வசனங்களைச் சிவப்பு மையால் எழுதி வைத்தார். 1731இல் அவர் இயற்றிய ‘மாற்குவின்படி பாடுகள்’ அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. பாட்டுகளின் சொற்கள் அச்சில் இருக்கின்றன, இசை போய்விட்டது. இன்று உலகத்தின் பெரும் பெரும் இசைஞர்கள் அதைத் திரும்பக் கட்டிப் பார்க்கிறார்கள், ஊகமாக.

எங்கள் நிலையும் அதுவே. வியாகுலப் பிரசங்கத்தின் சொற்கள் அச்சில் உள்ளன, கந்தபுராணமும் உள்ளது. ஆனால் எந்தச் சொல்லில் குரல் இழுபட வேண்டும், எந்த அடியில் ஓலம் எழவேண்டும், ஊருக்கு ஊர் மெட்டு எப்படி மாறுகிறது என்பதெல்லாம் முதியவர்கள் சிலரின் தொண்டையில் மட்டுமே இருக்கின்றன. இடப்பெயர்வுகளில் அவர்களில் பலர் சிதறிவிட்டார்கள். வரும் தவக்காலத்தில் கைத்தொலைபேசியில் பாக்கைக் கேளுங்கள். முதலில் பேதுருவின் அழுகையையும் அதை அடுத்து வரும் வயலின் பாட்டையும் மட்டும். பிறகு அதே கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் பசாம் பாடும் பெரியவரிடமும் புராணம் வாசிக்கும் ஐயாவிடமும் போய், அவர்கள் பாடுவதை முழுதாகப் பதிவு செய்யுங்கள். ஊரின் பெயர், பாடியவரின் பெயர், திகதி ஆகியவற்றைக் குறித்துவைத்து, ஒரு பிரதியை இசை பயிலும் மாணவர் ஒருவரிடம் கொடுத்துச் சுரப்படுத்தச் சொல்லுங்கள். இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வேண்டாம்.